வெண்டல் மேசனின் மூன்றாவது சரணம்

வெண்டல் மேசன் அமெரிக்காவில் பெயர்பெற்ற பாடலாசிரியர். தாய் ஊராருக்குத் துணி துவைத்து வளர்த்த பிள்ளை. பால் வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டெழுதினார். முப்பது வருடம் அவர் எழுதியதை மற்றவர்கள் பாடிப் புகழடைந்தார்கள். அறுபது வயதில்தான் தானே மேடையேறினார். அவருடைய பாட்டுகளில் எல்லோர் வாயிலும் இருந்தது, ரயில் நிலையத்தில் கணவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. அவன் வரவே மாட்டான்.

பேர்ளிக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. அவள் மன்னார்க்காரி, பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை. கணவன் லோறன்ஸ் விசா கிடைக்காமல் ஆறு வருடம் கொழும்பில் கிடந்து, 2010இல்தான் வந்து சேர்ந்தான்.

"அந்த மனுசனுக்கு ஒரு கடிதம் எழுதப்போறன்" என்றாள்.

"உமக்கென்ன விசரே? அவர் எங்கை, நாங்கள் எங்கை!" என்றான் லோறன்ஸ்.

எழுதினாள். கொன்வென்டில் படித்த ஆங்கிலத்தில், இசைத்தட்டு உறையில் இருந்த விலாசத்துக்கு. 'என் கணவரும் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்தார். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் வந்ததால் எனக்கு ஆளே தெரியவில்லை. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். இப்படியும் நடக்கும், ஐயா.'

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'என் அப்பா போனவர் திரும்பவில்லை. அம்மா காத்திருந்ததைத்தான் எழுதினேன். வேறு முடிவு எனக்குத் தெரியாது. மே மாதம் பாரிஸில் பாடுகிறேன், இருவரும் வாருங்கள்.' கூடவே இரண்டு டிக்கெட்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேசன் அந்தப் பாட்டை இரண்டு சரணம் பாடினார். சனம் கைதட்டத் தொடங்க, கையை உயர்த்தி நிறுத்திவிட்டு மூன்றாவதைப் பாடினார். பெரிய கோட்டோடு ஒருவன் ரயிலால் இறங்குகிறான். 'யாரைத் தேடுகிறீர்கள்?' என்று கேட்கிறாள் மனைவி. மண்டபமே சிரித்தது.

ஆங்கிலம் விளங்காத லோறன்ஸ் குனிந்து கேட்டான். "ஏனப்பா எல்லாரும் சிரிக்கினம்?"

"உங்களை நினைச்சுத்தான்." பேர்ளி கண்ணைத் துடைத்தாள்.

"என்னையோ?"

அவன் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டான். அவன் யாரென்று புரிந்துகொண்ட மேசன் தொப்பியைக் கழற்றினார்.

மறு வருடம் வந்த இசைத்தட்டில் அந்தப் பாட்டுக்கு இரண்டு பேர் பெயர் இருந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பேர்ளி அதைக் காட்டினாள். "என்ரை பேரிலை ஒரு எழுத்துப் பிழை. பரவாயில்லை, நான்தான்!"