கயிற்றைத் தாண்டிய கால்

ஹசவாகோ தன் மகள் யாப்னேயோடு பேசி மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. வடதுருவப் பனிவெளியில் மான் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவள் போயும் போயும் எண்ணெய்க் கம்பெனியின் ஆரஞ்சு உடுப்பை மாட்டிக்கொண்டாளே என்று அவருக்கு வீம்பு. அந்த வீம்பு மகளுக்கும் குறையில்லாமல் வந்திருந்தது. ஆனாலும் அப்பாவின் மந்தை இன்று கடக்கிறது என்று தெரிந்ததிலிருந்து, ஒரு வார்த்தையாவது பேசுவாரா என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மந்தைகள் எண்ணெய்க் குழாயைக் கடக்கும் இடத்தில்தான் அவளுக்கு வேலை. லாரிகளை நிறுத்த வேண்டும். சறுக்குவண்டிகளின் அடிக்கட்டை சரளையில் தேயாமலிருக்க, சாலையின் குறுக்கே வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். குழாய்ப் பக்கம் யாரும் தீக்குச்சி கிழிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே சிகரெட் பற்றவைத்த ஒருவனை அவளே புகார் செய்து வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறாள்.

மான்களில் பாதி கடந்துவிட்டன. அவளுடைய அண்ணன் குடும்பமும் அவற்றோடு போய்விட்டது. அடுத்து ஹசவாகோவின் வண்டி ஏறும்போது காற்றில் துணியின் ஓரம் மடிந்துகொள்ள, இழுத்து வந்த மான்கள் மிரண்டு நின்றன. யாப்னே ஓடினாள். தரையில் தொய்ந்து கிடந்த இழுகயிற்றை ஒரே எட்டில் தாண்டிப் போய்த் துணியைச் சரிசெய்தாள். நாள் முழுக்கக் குழாயையும் கம்பியையும் தாண்டியே பழகிய கால், என்ன செய்யும்?

நிமிர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெண் தாண்டிய கயிறு தீட்டு. தணலில் கொழுப்பைப் போட்டு அந்தப் புகை படும்வரை வண்டி ஓரடி நகரக் கூடாது. புகை காட்டுவதும் பெண்ணின் வேலைதான்; அங்கே இப்போது அவளைத் தவிர வேறு பெண் இல்லை.

ஹசவாகோ கயிற்றைப் பார்த்தார். வண்டியைவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றார். ஆற்றுப் பனி ஏற்கனவே விரிசல் விட ஆரம்பித்திருந்தது. அது உடைவதற்குள் அக்கரை சேராவிட்டால் சினை மான்கள் வழியிலேயே ஈன்று, குட்டிகள் சாகும். அவருக்கும் அது தெரியாததில்லை.

முதல் லாரியின் ஓட்டுநர் கென்னாடி தலையை நீட்டினான்.

"போன வருஷம் நம்ம கம்பெனி சமையக்கார லூபாவும் இப்படித்தானே தாண்டினா? பெரியவரு பாத்துட்டுப் பேசாம போனாரு. உனக்கு மட்டும் என்னவாம்?"

யாப்னேவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஊரில் உள்ளவளுக்கெல்லாம் மன்னிப்பு, பெற்ற மகளுக்கு மட்டும் தண்டனையா? நெருப்பு மூட்டினால் வேலை போகும், மூட்டாவிட்டால் மந்தை போகும். இதற்கென்றே நிற்கிறார் மனிதர். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பிறகு அவள் கென்னாடியிடம் லாரியை மெதுவாக முன்னால் கொண்டுவரச் சொன்னாள். இந்தக் குளிரில் எந்த லாரியும் எஞ்சினை அணைப்பதில்லை. புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வழக்கமான மூலையிலிருந்து கொழுப்புத் துண்டை எடுத்து, புகைக்குழாய்மேல் வைத்து அழுத்தினாள். அது சிடுசிடுத்தது. நீலப் புகை கிளம்பியது. கம்பெனி விதியில் நெருப்பைப் பற்றித்தான் எழுதியிருந்தது, கொழுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஹசவாகோ அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு கயிற்றைத் தூக்கிப் பிடிக்க, அவள் அதன் நீளத்துக்கும் புகை காட்டினாள். அவர் மோவாயால் அவளுடைய காலணிகளைச் சுட்டிக்காட்டினார். அவற்றையும் ஒவ்வொன்றாகப் புகையில் பிடித்தாள். இனி ஒரு வாரத்துக்குத் தன் லாரி அடுப்பங்கரையாக நாறும் என்று கென்னாடி புலம்பினான்.

ஹசவாகோ வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"லூபா தாண்டினப்ப மட்டும் வாய மூடிட்டுப் போனீங்களேப்பா?"

அவர் மான்களின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"அவ என்ன நம்ம வீட்டுப் பொண்ணா?"

வண்டி நகர்ந்தது. மிச்ச மந்தையும் அவர் பின்னால் போனது. துணியைச் சுருட்ட வேண்டும் என்பதே மறந்து யாப்னே நின்றாள். வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன.