பத்தாவது பாட்டு

பழமலைநாதனுக்கு ஒரே ஒரு ஆசைதாங்க. மக கோதை பொறந்தன்னைக்குக் கட்டுன பாட்டை எவன் கையிலயும் சிக்காம, தன் பாட்டாவே மேடையில பாடணும். அதுக்குக் குறுக்க நின்னது ஒரு ஒப்பந்தம்.

விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை சுடுற பட்டறையில வேலை. ஞாயித்துக்கிழமையானா ராக் பேண்டு. இவன் கிடாரு, கூட்டாளி ஆனந்தராஜ் டிரம்ஸு. சென்னைக் கம்பெனிக்காரன் வந்து, "ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு குடுங்க"ன்னதும் குதிச்சுக்கிட்டுப் போயி கையெழுத்துப் போட்டாங்க. பத்தும் குடுக்காம வேற எங்கயும் பாடக்கூடாது. ஆல்பம் ஓடிச்சுன்னா அடுத்த மூணு வருசத்துக்கு இவன் பாடுற எந்தப் பாட்டும், வெளியில வராத பழைய பாட்டு உட்பட, கம்பெனிக்கே சொந்தம்.

கெடுவுக்கு ஒரு வாரம். தேறுன பாட்டு ஏழுதான்.

"கோதை பாட்டைப் போட்ருடா"ன்னான் ஆனந்தராஜ்.

"செத்தாலும் போடமாட்டேன்."

சூளையில தட்டு நிறையாம தீ மூட்ட மாட்டாங்க. பெரிய பொம்மைங்களுக்கு நடுவுல சந்து இருந்தா, மிச்ச மண்ணுல விரல் அளவு குருவி பொம்மை பிடிச்சுச் சொருகுவாங்க. வெந்தா வேகட்டும், வெடிச்சா வெடிக்கட்டும். அந்தப் புத்தியை அப்படியே பாட்டுக்குக் கொண்டாந்தான் மனுசன்.

"நல்ல ஏழு பாட்டையும் முன்னாடி வையி. பஸ்ஸுல போட்டான்னா, எட்டாவது வர்றதுக்குள்ள பஸ்ஸு கம்மாபுரம் போயிடும், கேக்கறவன் இறங்கிடுவான். கடைசியில எவன்டா கேக்கறான்?"

சாப்பாட்டு நேரத்துலயே மூணையும் கட்டி முடிச்சான். பத்தாவதுக்குக் கால் மணி நேரம்கூட ஆகல. 'டபரா டபரா'ன்னு ஒரே வரி, அதையே திருப்பித் திருப்பி. சிரிச்சுக்கிட்டேதான் பாடினான், பாவி.

ஆல்பம் வந்துச்சு. நல்ல பாட்டு ஏழையும் ஒருத்தரும் சீண்டல. சேத்தியாத்தோப்புல எவளோ ஒரு கல்யாணப் பொண்ணு டபராவுக்கு ஆடி ரீல்ஸ் போட்டா பாருங்க, அவ்வளவுதான்! டீக்கடை, ஸ்கூலு வேனு, எங்க திரும்பினாலும் டபரா.

கம்பெனியிலேருந்து போன். "ஓடிடுச்சு சார்! இனி மூணு வருசம் நம்மகிட்டதான். எல்லாமே டபரா மாதிரி வேணும். பழைய பாட்டு ஏதாவது கையில இருக்குதா?"

"இல்லைங்க"ன்னான். இனி கோதை பாட்டை வெளியில முணுமுணுத்தாலும் அவங்களோடது. கோதை பாட்டைக் காப்பாத்தத்தானே குப்பையைப் போட்டோம், அந்தக் குப்பையே கழுத்தைப் பிடிச்சிடுச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டான்.

வூட்டுக்கு வந்து பொண்டாட்டி பூங்கோதைகிட்ட எல்லாத்தையும் சொன்னான். "மேடை கெடக்குது வுடுங்க. அவ பாட்டு, அவளுக்காவது பாடுங்க. வூட்டுக்குள்ள எவன் வந்து கேக்கப் போறான்?"

அதுவும் சரிதான். கதவைச் சாத்தினான், ஜன்னலையும் சாத்தினான். அஞ்சு வயசுக் கோதையை மடியில வெச்சுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சான். ரெண்டு வரிதான் போயிருக்கும். பிள்ளை அவன் வாயைப் பொத்துச்சு.

"இது வேணாம்ப்பா. டபரா பாடு."

பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கிட்டா.

பாடினான். வேற என்ன செய்வான்? பிள்ளை குதிச்சுக் குதிச்சுக் கைதட்டிட்டு, "இன்னொரு வாட்டிப்பா"ன்னுச்சு.