வலதுபக்க ஆர்மோனியம்

ஜோன்ஸுக்கு நாப்பத்தி மூணு வயசு. சங்கு குளிக்கப் போறவன். அது போக, மூணு பேரு சேந்து நடத்துற ஒரு பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கான். நாசரேத்து ஊர்க்காரன் பிரைட்டன், கிட்டார். ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். ஜெப்ஸி டிரம்ஸ், ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேல.

இவங்க வாசிக்கது போஸ்ட் மெட்டல்னு ஒரு ராக் வகை. பாடுறதுக்கு ஆளே கிடையாது. ஒத்த கிட்டார்ல மெதுவா ஆரம்பிச்சு, ஏறி ஏறி, பத்தாவது நிமிசத்துல மொத்தமா மேல வந்து விழும். மொத ஆல்பம் இப்பதான் முடிஞ்சிருக்கு. பேரு 'எட்டுப் பாகம்'. ஜோன்ஸ் முங்குற ஆழம் அது. கிட்டாரோட, பிரைட்டன் வீட்டு ஆர்மோனியத்தையும், கடலுக்கடியில இருக்கவனுக்கு டியூப் வழியா காத்து அனுப்புற கம்ப்ரஸர் இரைச்சலையும் சேத்திருக்காங்க. இதையெல்லாம் அளவாக் கலக்குற மிக்ஸிங் வேல ஜோன்ஸோடது. காது அவனுக்குத்தான் சுத்தம்னு மத்த ரெண்டு பேருமே ஒத்துக்கிடுவாங்க.

தவக்காலம் தொடங்குன வாரம், முங்கி ஏறும்போது வலது காதுல படக்குன்னு ஒரு வலி. அதுக்கப்புறம் அடைச்சே கெடந்துச்சு. சங்கு குளிக்கவனுக்குக் காது அடைக்கது சளி பிடிக்க மாதிரி. தண்ணி நிக்குது, எறங்கிரும்னு விட்டுட்டான். எறங்கல. யாருட்டயும் மூச்சு விடல. சொன்னா மிக்ஸிங்க வாங்கிருவாங்க. இத்தன வருசத்துல இது என்னோடதுன்னு அவன் நெனச்சது அது ஒண்ணுதான்.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்தான். பீச் ரோட்டுல பிரைட்டன் கார நிறுத்திருந்தான். பின்சீட்டுல ஜெப்ஸி பக்கத்துல ஜோன்ஸ் ஏறுனான். ஜோன்ஸ் மிக்ஸ் பண்ணிக் குடுத்த மொத பாட்டு ஓடுச்சு. ரெண்டு நிமிசத்துல பிரைட்டன் நிப்பாட்டிட்டான்.

"ஏலே, வலதுபக்கம் ஸ்பீக்கர் கிழியுது. எங்க ஹெச்.எம். மைக்கப் பிடிச்ச மாதிரி ஆர்மோனியம் கத்துது."

"உன் கார் ஸ்பீக்கர் அப்படி."

"ஹெட்போன்லயும் அப்படித்தாம்ல இருக்கு."

ஜோன்ஸ் ஜன்னல் வழியா கடலப் பாத்துக்கிட்டு இருந்தான். கொஞ்சம் கழிச்சுத் திரும்புனா, கண்ணாடில பிரைட்டன் முகம் ஒரு மாதிரி இருந்துச்சு.

"ஜோன்ஸண்ணே," ஜெப்ஸி சத்தமாக் கூப்பிட்டா. "உங்க வலது காதுகிட்ட வந்து 'கால்ல தேளு'ன்னு மெதுவாச் சொன்னேன். நீங்க அசையல."

அவன் காலக் குனிஞ்சு பாத்தான். அப்புறந்தான் வெளங்குச்சு.

"எத்தன நாளாலே?" பிரைட்டன் கேட்டான்.

"ரெண்டு மாசம். போன வாரம் டாக்டர்ட்டப் போனேன். நரம்பு போச்சு, வராதுன்னாரு. இனிமே முங்குனா மத்ததும் போயிருமாம்." கரண்டு பில்லு எவ்வளவுன்னு சொல்லுத மாதிரி சொன்னான்.

"அப்ப எப்படி மிக்ஸ் பண்ணுன?"

"ரெண்டு பக்கமும் சமமாக் கேக்க வரைக்கும் வலதுபக்கத்த ஏத்துனேன்."

ஜெப்ஸி போன எடுத்து ஏதோ செட்டிங்க மாத்துனா. "இது மோனோ. ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒண்ணாச் சேந்து வரும். கேளுங்க." ஹெட்போன அவன் தலைல மாட்டிவிட்டா.

ரெண்டு மாசமா எங்கயோ தூரத்துல கெடந்த ஆர்மோனியம் இடது காதுலயே வந்துச்சு. கிட்டார், கம்ப்ரஸர், எல்லாம் ஒரே எடத்துல. அழுகை வரும்னு நெனச்சான். வரல. இருந்துச்சு, அவ்வளவுதான்.

"இப்படியே வெளியிட்டுருவோமா அண்ணே?"

பிரைட்டன் ஸ்டியரிங்கப் பாத்தான். கடல் மாதிரி விரிஞ்சு கேக்கணும்னு ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தவன் அவன்.

ஜோன்ஸ் ஹெட்போனக் கழட்டுனான். "இது எனக்கு மட்டும் ஒரு காப்பி குடு. ஊருக்கு விரிச்சே போடுங்க. சென்னைல ஆளுங்க இருக்காங்கல்லா, மிக்ஸிங் அவங்க பண்ணட்டும்."

"உன் பேரு?"

"பண்ணுதவன் பேரப் போடு. கம்ப்ரஸர்னு எனக்குப் போடு. இனிமே அதுக்கும் வேல இல்ல."

பிரைட்டன் சிரிக்கப் பாத்தான், முடியல.

டீ குடிக்க எறங்குனாங்க. ரோட்டத் தாண்டும்போது ஜெப்ஸி அவனச் சுத்தி இடதுபக்கமா வந்து நடந்தா.

"சீனி கம்மியாத்தான அண்ணே?"

"ஆமா."