எட்டுப் பூஜ்யங்கள்

பள்ளியில் பன்னிரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மலையேறிய கணக்கு டீச்சருக்கு, அதில் எட்டு நாள் தன் கால் செருப்புகூடச் சரியாகத் தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

குளிர்காலம் முடிந்து வடக்கே திரும்பும் பருந்துகளும் கழுகுகளும் அந்த மலைமுகட்டைத் தாண்டித்தான் போகும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை அவற்றை எண்ணிப் பறவைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குத் தருவதாக டீச்சரும் அவள் நாத்தனாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, ஆசைதான். நாத்தனாருக்குத் தையல் தொழில். வானத்தில் புள்ளியாக நகர்வது தேன்பருந்தா பூனைப்பருந்தா என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அவள் பார்த்துச் சொல்வாள், டீச்சர் எழுதுவாள். ஒரே தொல்லை, அவள் வாய் ஓயாது. பருந்து வராத நேரமெல்லாம் தன் அண்ணன், அதாவது டீச்சரின் கணவர், சின்ன வயதில் செய்த அட்டூழியங்களை வரிசையாக எடுத்துவிடுவாள். அந்த எட்டு நாளில் டீச்சர் அவற்றை இரண்டு சுற்று கேட்டுவிட்டாள்.

படிவத்தில்தான் தகராறு. பனி நாட்களில் டீச்சர் எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'பனி' என்று எழுதி அனுப்பினாள். கணக்கெடுப்பு அலுவலகத்துப் பதிவாளர் போன் செய்தார். கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும், அதனால் தானே பூஜ்யம் போட்டுவிட்டேன் என்றார்.

"சார், இல்லைங்கிறது வேற, தெரியலைங்கிறது வேற. பனிக்கு மேல நூறு போயிருக்கலாம்."

"போயிருக்கலாம் டீச்சர். நீங்க பாக்கலியே."

பரீட்சைக்கே வராத பிள்ளைக்கு முட்டை மார்க் போட்டதுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு நாளுக்குச் சராசரி இருபது பறவைக்குக் கீழே போனால் அந்த மலைமுகட்டைக் கணக்கெடுப்பு இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெயில் அடித்த மூன்று நாளில் கிடைத்தது மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. அதைப் பதினொன்றால் வகுத்தால் பதிமூன்றுதான் வந்தது.

பன்னிரண்டாம் நாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் ஒரு காக்கைகூட வரவில்லை. நண்பகலில் நாத்தனார் எழுந்துவிட்டாள். ஒரு விடுதிக்கு அன்று மாலைக்குள் முப்பது திரைச்சீலை தைத்துத் தர வேண்டும், ஏற்கெனவே இரண்டு தவணை சொல்லியாகிவிட்டது. இன்னும் மூன்று மணி நேரம்தானே என்று டீச்சர் கெஞ்சினாள். வந்தால் போன் செய்யச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

இரண்டு ஐம்பதுக்கு வந்தன. பள்ளத்தாக்கின் வெப்பக் காற்று அவற்றைச் சுழற்றி மேலே தூக்கியது. இறக்கையை அசைக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக, புகைபோலச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியிலிருந்து வடக்கு நோக்கி வழுக்கிக்கொண்டு போயின. டீச்சர் வலது கையில் பைனாகுலரும், இடது கையில் அமுக்க அமுக்க எண் ஏறும் கருவியுமாக நின்றாள். இனம் பிரிக்க ஆளில்லை, எழுத ஆளில்லை, போனை எடுக்கக் கை இல்லை. மூன்று மணிக்கு நாற்பத்தாறு. விதிப்படி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாலரை மணிக்கு வானம் ஓய்ந்தபோது, மூன்றுக்குப் பிறகு மட்டும் ஆயிரத்து நூற்று முப்பத்தேழு. கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். மூன்று மணிக்குப் பிந்தைய எண்ணையும் சேர்த்து எழுதியிருந்த படிவத்தைப் பதிவாளர் பொறுமையாகப் படித்தார்.

"பொய்னு சொல்லல டீச்சர். ஆனா மத்த மலைல எல்லாம் மூணு மணிக்கு நிறுத்திடறாங்க. உங்களுக்கு மட்டும் சேர்த்தா எதை எதோட ஒப்பிடறது?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. இதையே வகுப்பில் அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

"சரி சார், அதை விடுங்க. அப்போ பாக்கவே முடியாத எட்டு நாளை மட்டும் எப்படி ஒப்பிடறீங்க?"

அவர் படிவங்களைப் புரட்டி எட்டு நாளையும் விரலால் தொட்டு எண்ணினார். பிறகு அந்த எட்டுப் பூஜ்யத்தையும் நீக்கிவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். டீச்சருக்கு மூச்சு வந்தது. அடுத்த வாக்கியத்தில் நின்றது. எட்டையும் நீக்கினால் மிஞ்சுவது நான்கு நாள். குறைந்தது பத்து நாள் இல்லாவிட்டால் அந்தப் பருவமே கணக்கில் வராது. பூஜ்யத்தோடு விட்டால் இந்த ஆண்டுக் கணக்கு அச்சில் வரும், ஆனால் சராசரி பதினாறைத் தொடாது, மலைமுகட்டை எடுத்துவிடுவார்கள். நீக்கினால் சராசரியே போடமாட்டார்கள், மலைமுகடு பட்டியலில் இருக்கும், ஆனால் இந்த ஆண்டு யாரும் அங்கே எண்ணவே இல்லை என்று ஆகும்.

"நீங்களே சொல்லுங்க," என்றார்.

"நீக்கிடுங்க," என்றாள்.

நேரே தையல் கடைக்குப் போனாள். விடுதிக்காரர் திரைச்சீலையை வாங்க வரவே இல்லையாம், முப்பதும் மேசைமேல் மடித்தபடி கிடந்தன. நடந்ததைச் சொன்னதும் நாத்தனார் தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"அப்போ பன்னெண்டு நாளா நாம மலைக்கே போகலன்னு ஆச்சா?"

"கணக்குல அப்படித்தான்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல அண்ணி? அது என் கணக்கும்தானே."

கேட்டிருக்க வேண்டும் என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு நாளாக ஓயாத வாய் அன்று ஒரு மணி நேரம் திறக்கவில்லை. டீச்சரும் எழுந்து போகாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, நாத்தனார் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"நேத்து வந்ததுல பூனைப்பருந்து எத்தனை?"

"பிரிச்சுப் பாக்கல. எல்லாம் சேர்த்துத்தான் எண்ணினேன்."

"பிரிக்கலியா," என்று நாத்தனார் பெருமூச்சு விட்டு, அடுத்த துணியை ஊசிக்கடியில் தள்ளினாள்.