முட்டுத்தடி

சவப்பெட்டியை வைக்க இடம் போதாமல் நடு அறையில் நின்ற முட்டுத்தடியை எடுத்தபோது, சத்தியபாயிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள்.

"மைனி, இத எடுக்கட்டா?" என்றான் கொழுந்தன் விஜயதாஸ்.

தலையாட்டினாள். அன்றைக்கு எது கேட்டாலும் தலையாட்டினாள், பாவம்.

மலையாள அரசின் கீழிருந்த தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் அவள் புருஷன் ராஜையாவுக்கு மண்டையில் போலீஸ் அடி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் கழிந்து, ஜெபம் நடத்தும் உபதேசியாரோடு சபைக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் கூடக் கூடாதென்று உத்தரவு; நடு அறையோ ரோட்டைப் பார்த்து இருந்தது. அதனால் அதற்கு மேலிருந்த பலகை மச்சுக்கு ஏறினார்கள்.

"எலே பாலையா, நீ கடைசியில ஏறு. ஒனக்கே பாதி மச்சு வேணும்," என்றார் ஒருவர்.

"ஒணக்கக் கெழங்கு சாக்கு சாக்காட்டு கெடந்த மச்சாக்கும் இது. என்னயத் தாங்காதா?"

காய்ந்த கிழங்குச் சாக்குகள் கிடந்தது உண்மைதான். ஆனால் ராஜையா அவற்றைச் சுவரோரமாகத்தான் அடுக்குவார். நடு உத்திரத்தின் மையத்தைக் கறையான் தின்றிருந்தது. அதற்குத்தான் அவர் கீழே முட்டுத்தடி கொடுத்திருந்தார்.

சத்தியபாய் கீழே, பெட்டி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மேலே பாட்டு நடந்தது. மடியில் மாவு போல ஏதோ விழுந்தது. வெள்ளைச் சேலையில் விழுந்த மரப்பொடியைத் தட்டிவிட்டாள். மறுபடி விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் உத்திரம் தொய்ந்திருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்து உபதேசியார் சொன்னதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்காலில் விழுவார்கள். கிழங்குச் சாக்குகள் அப்படி ஒன்றாக விழுந்ததில்லை.

அவள் ஏணியில் ஏறித் தலையை மட்டும் நீட்டினாள்.

"ஆரும் முழங்கால் போடண்டாம்."

எல்லாரும் திரும்பினார்கள். உபதேசியார் முகம் கறுத்தது.

"மைனிக்கு மனசு சரியில்ல," என்றான் விஜயதாஸ் மெல்ல.

"மனசு கெடக்கட்டும். உத்திரந்தான் சரியில்ல. முட்டுத்தடி எடுத்தாச்சில்லா?"

விஜயதாஸ் காலடிப் பலகையைக் குனிந்து பார்த்தான்.

"ஓடப்பிடாது. செவரு ஓரமாட்டு ஒவ்வொருத்தரா எறங்குங்க. பாலையண்ணே, நீங்க அங்கயே நில்லுங்க. அனங்காதீங்க."

அவள் குரல் உயரவில்லை. உலையில் அரிசி போடச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தானோ என்னவோ யாரும் ஓடவில்லை. கடைசியில் பாலையன் சுவரைத் தடவியபடி வந்தபோது நடுப்பலகை ஒன்று படீரென்று பிளந்தது. அவன் ஏணியைப் பிடித்துவிட்டான்.

முட்டுத்தடி முற்றத்துப் பந்தலுக்குக் காலாக நின்றது. அதைப் பிடுங்கினார்கள், பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு பேர் கூடி நெம்பித்தான் உத்திரத்தின் கீழ் நிறுத்த முடிந்தது.

"இனி எங்க வச்சு ஜெபிக்க?" என்றான் விஜயதாஸ், ரோட்டைப் பார்த்தபடி.

"இங்கயே," என்றார் உபதேசியார். "கண்டா காணட்டும்."

முட்டுத்தடியைச் சுற்றி எல்லாரும் முழங்காலிட்டார்கள். ஆமென் சொல்லி எழுந்தார்கள். சத்தியபாய் மட்டும் எழவில்லை. அவள் கை தடியின் மேல் இருந்தது.

"மைனி, எழும்புங்க."

"விஜயா, இனி நான் தலையாட்டினாலும் இத எடுக்கண்டாம்," என்றாள்.