நடுமுதுகில் ஒரு கோயோக்

ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற சிற்றம்பலம், பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாத வீராசாமியிடம் வாரம் தவறாமல் உடம்பு பிடித்துக்கொள்ளப் போவார். போன வாரம் அவருடைய நடுமுதுகில் ஒரு முடிச்சு வீராசாமியின் கையில் தட்டுப்பட்டது.

"இங்க தினமும் கோயோக் மருந்துப் பிளாஸ்டர் ஒட்டணும் ஐயா. வீட்டுல ஒட்டிவிட ஆள் இருக்கா?"

"மனிசி ஒட்டிவிடுவா," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். மனைவி பூரணம் எண்பத்து நாலாம் வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் கையை மேலாக வளைத்தார், கீழாக வளைத்தார். எட்டுவேனா என்றது. கடைசியில் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி பிளாஸ்டரைக் கட்டிலில் விரித்து, குத்துமதிப்பாக அதன்மேல் மல்லாந்து படுத்தார். எங்கேயோ ஒட்டியது. அதுவே பெரிய காரியமாகப் பட்டது.

இன்று அவர் குப்புறப் படுத்ததும் வீராசாமியின் விரல்கள் முதுகெல்லாம் நகர்ந்து, விலா ஓரத்தில் மடிந்து சுருண்டு கிடந்த பிளாஸ்டரில் நின்றன. அதில் ஒட்டியிருந்த படுக்கை விரிப்பு நூலை ஒருமுறை தடவிப் பார்த்தன. சிற்றம்பலம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வீராசாமி அதை மெல்ல உரித்துவிட்டு, புதிதாக ஒன்றை முடிச்சின் மேலேயே வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். கையை உடனே எடுக்கவில்லை.

"வீட்டுல அம்மாகிட்ட சொல்லிடுங்க ஐயா. இனிமே தினமும் இங்கயே வந்து ஒட்டிக்கிறீங்கன்னு."

"சொல்லுறன்," என்றார் சிற்றம்பலம், தலையணையில் முகத்தைப் புதைத்தபடி.