ஏரிப் பூதத்தின் க்ஷேமம்

கட்டிலில் கலியமூர்த்தி, தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். ஜன்னல் விளிம்பில் வீராசாமி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எடுப்புச் சாப்பாடு கொண்டுவரும் ராஜம்மா, பாத்திரம் காலியாகட்டும் என்று வாசற்படியில் குந்தியிருந்தாள். உத்தமன் தன் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, தான் எழுதிய கதையை அவர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் மூவரும் தங்கும் அறை; ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

ஏரிக்கு அடியில் ஒரு பூதம். ஏரியை அது குடித்துத் தீர்த்துவிடும் என்று ஊர் பயந்ததால், அதை வெட்ட இளவரசன் வருகிறான். கதையைப் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருந்தார். 'முடிவில் உயிரில்லை. பூதம் சும்மா சாகிறது. திருத்தி அனுப்பினால் தீபாவளி மலரில் சேர்க்கலாம்.' இன்றைக்குத் தபாலில் சேர்க்காவிட்டால் மலர் கிடையாது. இளவரசனோ மூன்று வாரமாக ஓங்கிய வாளோடு கரையிலேயே நிற்கிறான்.

"அப்பால?" என்றான் வீராசாமி.

"அவ்வளவுதான். அதுக்கு மேல ஓடலை."

"இன்னா நைனா, அவனுக்குக் கை வலிக்காதா? ஒரே போடு போட்டுட்டு ஊடு போய்ச் சேரச் சொல்லு."

"பூதத்தை நம்ம ஃபோர்மேனா நினைச்சுக்கடா. வெட்டு தன்னால விழும்" என்றான் கலியமூர்த்தி.

"பூதத்தப் பேசிகினே துன்னா சோறு செரிக்குமா? ஏனத்தக் குடுங்கப்பா" என்று ராஜம்மா எழுந்தாள்.

அவள் போனதும் மற்ற இருவரும் பூந்தமல்லியில் சினிமா பார்க்கக் கிளம்பினார்கள். "வர்றியா?" என்றான் கலியமூர்த்தி. "நீங்க போயிட்டு வாங்க" என்றான் உத்தமன். இரண்டாம் தடவை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் தாராபுரத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிற நேரம். பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். பிள்ளையார் சுழி, ஊர், தேதி, க்ஷேமம் எல்லாம் வரிசை தப்பாது. இன்று கதைத்தாளை எடுத்து வைத்தான். 'பூதம் கண்ணைத் திறந்து சொன்னது:' என்பது வரை எழுதினான். அதற்குமேல் கை தன்பாட்டுக்கு ஓடியது: 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்.'

சீ என்று அடிக்கப் போனவன் பேனாவை நிறுத்தினான். யாவரும் என்றால் யார்? வாராவாரம் இதைத்தானே ஊருக்கு எழுதுகிறான். அறையில் மின்விசிறிதான் கடகடத்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி சாய்ந்த தலையணை இன்னும் குழிந்து கிடந்தது.

அந்த வரியை அவன் அடிக்கவில்லை. அதன் கீழே தொடர்ந்து எழுதினான்:

"யாவரும் என்றால் யார் யார்?" என்று இளவரசன் கேட்டான். பூதம் திரும்பிப் பார்த்தது. தண்ணீர்தான் இருந்தது.

"நான்தான். வேறு யாரும் இல்லை. அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது."

"ஏரியைக் குடித்துவிடுவாயாமே?"

"குடித்துவிட்டு நான் எங்கே இருப்பேன்?"

இளவரசனின் கை இறங்கியது. வாளைக் கரையில் வைத்துவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்தான். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று இருவரும் யோசிக்கத் தொடங்கினார்கள். உத்தமன் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதிக்கொண்டே போனான்.

வெயில் தாழ்ந்தபோது முடிந்திருந்தது. படித்துக்காட்ட ஆள் இல்லை. தாள்களுக்கு எண் போட்டான். ஆசிரியருக்கு நாலு வரி எழுதினான். கதை பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்தான். எப்படியானாலும் ஒருநாள் தபால்காரர் வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார் என்று தோன்றியது.

உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். சட்டையை மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து, ஞாயிற்றுக்கிழமையும் தபால் எடுக்கும் அங்கிருந்த பெட்டியில் போட்டான்.